அமெரிக்க மாநிலம் ஒன்றின் வசதியான ஊர்களை வருமானமும் வீட்டு மதிப்பும் கொண்டு வரிசைப்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

'மாநிலத்தின் 25 பணக்கார ஊர்கள்' என்று ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டு வீடு தேடக் கிளம்பும் குடும்பங்கள் ஏராளம். இன்னொரு பட்டியலை எடுத்தால் அதில் முதல் பத்து ஊர்கள் வேறு மாதிரி இருக்கும். இத்தனைக்கும் இரண்டும் ஒரே அரசுத் தரவிலிருந்து வந்தவையாக இருக்கலாம். வேறுபாடு மூன்று இடங்களில் நுழைகிறது: எதை ஊர் என்று எண்ணினார்கள், உச்சவரம்பில் முட்டி நிற்கும் எண்ணை என்ன செய்தார்கள், பிழை வரம்பை, அதாவது மாதிரிக் கணக்கெடுப்பின் மதிப்பீடு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்ற அளவை, பார்த்தார்களா இல்லையா. இந்த மூன்றையும் சரியாகச் செய்தால், விரிதாள் தெரிந்த எவரும் நம்பத் தகுந்த பட்டியலைத் தயாரித்துவிடலாம்.

இத்தகைய ஆங்கிலப் பட்டியல்களில் வரும் கம்யூனிட்டி என்ற சொல்லைத் தமிழில் சமூகம் என்று பெயர்த்தால் சாதியோ இனமோ நினைவுக்கு வரும். இங்கே அதற்கு ஊர் என்றே பொருள்: எல்லை வரையப்பட்ட ஒரு குடியிருப்புப் பகுதி. கீழே பெரும்பாலும் நியூ ஜெர்சியை உதாரணமாக எடுத்திருக்கிறோம். மற்ற மாநிலங்களில் எங்கே வழி மாறுகிறதோ அங்கே அதைச் சொல்லியிருக்கிறோம்.

எதை அளக்கிறோம்?

வருமானம் வேறு, சொத்து வேறு. ஆண்டுக்கு 3,00,000 டாலர் சம்பாதித்துக் கடனில் வீடு வாங்கியிருக்கும் இளம் தம்பதியும், சம்பளமே இல்லாமல் பங்குகளில் பல லட்சம் டாலர் வைத்திருக்கும் ஓய்வுபெற்றவரும் ஒரே ஊரில் இருப்பார்கள். ஊர் அளவில் சொத்தை நேரடியாக அளக்கும் பொதுத் தரவு அமெரிக்காவில் கிடையாது. மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் நடத்தும் குடும்ப நிதி ஆய்வு நாடு முழுமைக்கானது. ஊர் வாரியாக அதைப் பிரிக்க முடியாது. அதனால்தான் வருமானத்தையும் வீட்டு மதிப்பையும் சேர்த்துச் சொத்தை மறைமுகமாக ஊகிக்கிறோம். இதைப் பட்டியலின் தலைப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: 'பணக்கார ஊர்கள்' என்பதைவிட 'வருமானமும் வீட்டு மதிப்பும் உயர்ந்த ஊர்கள்' என்பதே சரியான பெயர்.

நமக்கு அடித்தளமாக இருப்பது அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பான சென்சஸ் பீரோவின் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே, சுருக்கமாக ஏசிஎஸ். ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்கு இந்தக் கணக்கெடுப்பு போகிறது. அதில் கேட்கப்படும் வருமானத்தில் சம்பளம், சொந்தத் தொழில், வட்டி, டிவிடெண்ட், வாடகை, ஓய்வூதியம் எல்லாம் அடக்கம். பங்கையோ சொத்தையோ விற்றதில் கிடைத்த மூலதன ஆதாயம் அடங்காது. மேல்தட்டு ஊர்களைப் பொறுத்தவரை இது பெரிய விடுபடல். ஒரு நிறுவனத்தை விற்றுப் பல கோடி பார்த்தவரின் அந்த ஆண்டு வருமானம் ஏசிஎஸ்ஸில் சாதாரணமாகவே தெரியும். இந்த ஓட்டையை ஓரளவு அடைக்க, பின்னால் வருமான வரித் தரவைப் பயன்படுத்துவோம்.

சராசரியா, இடைநிலையா என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் எண்ணே இடைநிலை. வயோமிங் மாநிலத்தின் டீட்டன் கவுன்டி (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) தனிநபர் வருமானத்தில் நாட்டின் உச்சத்தில் நிற்கிறது. குடும்ப வருமானத்தின் இடைநிலையில் பல ஆண்டுகளாக முன்னணியில் இருப்பதோ வர்ஜீனியாவின் லவுடன் கவுன்டி. டீட்டனில் ஜாக்சன் ஹோல் பகுதியில் குடியேறிய பெருஞ்செல்வர்கள் சிலர் சராசரியை மேலே இழுத்துவிடுகிறார்கள். லவுடனில் நடுவில் நிற்கும் குடும்பமே நன்றாகச் சம்பாதிக்கிறது. ஊரின் பொது வசதி தெரிய வேண்டுமென்றால் இடைநிலைதான் முதன்மை. சராசரியைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஊரின் எல்லையைத் தீர்மானியுங்கள்

அதிகமான பட்டியல்கள் தடுக்கி விழுவது இங்கேதான். சென்சஸ் தளத்தில் 'பிளேஸ்' என்று ஒரு பிரிவும் கவுன்டியின் உட்பிரிவுகளைக் கொண்ட 'கவுன்டி சப்டிவிஷன்' என்று இன்னொன்றும் இருக்கும். பிளேஸ் என்பதில் முறைப்படி அமைந்த நகரங்களும், நிர்வாகம் எதுவும் இல்லாமல் கணக்கெடுப்புக்காக மட்டும் எல்லை போட்ட சிடிபி பகுதிகளும் கலந்திருக்கும். கலிபோர்னியா, டெக்ஸஸ் மாநிலங்களுக்கு பிளேஸ் சரி. அதர்டன், ஹில்ஸ்பரோ, ஹைலண்ட் பார்க், சவுத்லேக் எல்லாம் அதில் ஒழுங்காக வந்துவிடும்.

நியூ ஜெர்சியில் அது உதவாது. அங்கே 564 நகராட்சிகள் உண்டு, அவற்றில் பலவும் டவுன்ஷிப்கள். டவுன்ஷிப்கள் பிளேஸ் கோப்பில் வராது. எஸ்ஸெக்ஸ் கவுன்டியின் மில்பர்னைத் தேடிப் பாருங்கள்: பிளேஸ் கோப்பில் மில்பர்ன் டவுன்ஷிப் இருக்காது, அதற்குள் அடங்கிய ஷார்ட் ஹில்ஸ் என்ற சிடிபி மட்டும் இருக்கும். கவுன்டி சப்டிவிஷன் கோப்பில் மில்பர்ன் இருக்கும், ஷார்ட் ஹில்ஸ் இருக்காது. ஷார்ட் ஹில்ஸ் என்பது மில்பர்னின் வசதி மிகுந்த பகுதி. அதை மட்டும் கத்தரித்தெடுத்து, மற்ற ஊர்களின் முழு எல்லையோடு ஒப்பிட்டால் அது முதலிடத்துக்குப் போவதில் வியப்பில்லை. கனெக்டிகட்டின் கிரீனிச்சிலும் இதே கதைதான்: ஓல்ட் கிரீனிச், ரிவர்சைடு, காஸ் காப் ஆகியவை தனித்தனி சிடிபிகள், ஆனால் நிர்வாகம் நடத்துவது கிரீனிச் டவுன் ஒன்றே.

விதியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: வரி வசூலித்துப் பள்ளி, சாலை நிர்வாகம் செய்யும் அலகு எதுவோ அதுவே ஊர். நியூ ஜெர்சி, கனெக்டிகட், மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட், மெயின், ரோட் ஐலண்ட், பென்சில்வேனியா, நியூயார்க், மிச்சிகன், மினசோட்டா, விஸ்கான்சின் ஆகிய 12 மாநிலங்களில் கவுன்டி சப்டிவிஷனை எடுங்கள். மற்றவற்றில் பிளேஸ் போதும், ஆனால் சிடிபிகளைத் தனி நிறத்தில் குறித்து வையுங்கள். நியூயார்க்கில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே வில்லேஜ்கள் டவுனுக்குள் இருக்கும். பிராங்ஸ்வில் வில்லேஜ் ஈஸ்ட்செஸ்டர் டவுனுக்குள் இருக்கிறது. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் அதே குடும்பங்களை இருமுறை எண்ணிவிடுவீர்கள்.

ஜிப் கோடை ஊராகக் கொள்ளாதீர்கள். அது தபால் பட்டுவாடாவுக்காக வகுத்தது. பிரின்ஸ்டன் முகவரி என்று பெருமையாகச் சொல்லப்படும் 08540, பிரின்ஸ்டன் எல்லையைத் தாண்டிப் பிளெயின்ஸ்பரோ, சவுத் பிரன்ஸ்விக் பக்கமெல்லாம் பரவிக் கிடக்கிறது. முகவரியில் பிரின்ஸ்டன் இருந்தாலும் வரியும் பள்ளியும் வேறு ஊருடையவை. போதாததற்கு, சென்சஸ் பயன்படுத்தும் ஜிப் பரப்பும் தபால்துறையின் ஜிப்பும் முழுதாகப் பொருந்துவதும் இல்லை.

இரண்டாம் படி: தரவை இறக்குங்கள்

ஏசிஎஸ் இரண்டு வகையாக வருகிறது. ஓராண்டுத் தொகுப்பு 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்கு மட்டும். ஐந்தாண்டுத் தொகுப்பு எல்லா ஊர்களுக்கும் உண்டு. வசதியான ஊர்கள் பெரும்பாலும் சிறியவை என்பதால் ஐந்தாண்டுத் தொகுப்பைத் தவிர வேறு வழியில்லை. பெரிய ஊருக்கு ஓராண்டு, சிறிய ஊருக்கு ஐந்தாண்டு என்று கலப்பது பெருந்தவறு. 2019–2023 தொகுப்பு என்றால் அந்த ஐந்தாண்டும் சேர்ந்த ஒரே மதிப்பீடு, தொகைகள் 2023 டாலருக்கு மாற்றப்பட்டவை.

சென்சஸ் தரவுத் தளத்தில் மாநிலத்தையும் 'எல்லா கவுன்டி சப்டிவிஷன்களும்' என்பதையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு கீழ்க்கண்ட அட்டவணைகளை எடுங்கள்.

- பி19013: குடும்ப வருமானத்தின் இடைநிலை
- பி19001: வருமான அடுக்குகள். 17ஆம் வரிசை 2,00,000 டாலரும் அதற்கு மேலும், முதல் வரிசை மொத்தக் குடும்பங்கள்
- பி19025: ஊரின் மொத்தக் குடும்ப வருமானம்
- பி19054: வட்டி, டிவிடெண்ட், நிகர வாடகை பெறும் குடும்பங்கள்
- பி25077: உரிமையாளரே வசிக்கும் வீட்டு மதிப்பின் இடைநிலை
- பி25075: வீட்டு மதிப்பு அடுக்குகள். 27ஆம் வரிசை 20 லட்சம் டாலரும் அதற்கு மேலும்
- பி25002: மொத்த வீடுகள்
- பி25004: காலியாக இருக்கும் வீடுகளின் காரணம். 6ஆம் வரிசை விடுமுறை வீடுகள்

ஒவ்வொன்றிலும் மதிப்பீட்டோடு பிழை வரம்புப் பத்தியையும் சேர்த்தே இறக்குங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பாதி வேலையை மறுபடி செய்ய நேரும்.

அட்டவணைகளை ஊர்ப் பெயரை வைத்து இணைக்காதீர்கள். நியூ ஜெர்சியில் வாஷிங்டன் டவுன்ஷிப் என்ற பெயரில் மட்டும் ஐந்து ஊர்கள் உண்டு: பெர்கன், பர்லிங்டன், குளோஸ்டர், மாரிஸ், வாரன் கவுன்டிகளில் தலா ஒன்று. ஒவ்வொரு இடத்துக்கும் சென்சஸ் தரும் அடையாள எண்ணான ஜியோஐடியை வைத்து இணையுங்கள். கவுன்டி சப்டிவிஷனுக்கு அது 10 இலக்கம்: மாநிலம் 2, கவுன்டி 3, ஊர் 5. கனெக்டிகட்டுக்கு ஒரு சிக்கல் உண்டு. அங்கே 2022 தரவிலிருந்து பழைய 8 கவுன்டிகளுக்குப் பதிலாக 9 திட்டமிடல் மண்டலங்கள் வந்துவிட்டன. அதனால் நடுவில் உள்ள 3 இலக்கங்கள் மாறி, பழைய ஆண்டுக் கோப்போடு எந்த ஊரும் சேராது. கடைசி 5 இலக்கங்களைக் கொண்டு இணைத்தால் சரியாகிவிடும்.

மூன்றாம் படி: சுத்தம் செய்யுங்கள்

எக்செல் கோப்பைத் திறந்தவுடன் செய்கிற முதல் சேதம், முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்குவது. ஷார்ட் ஹில்ஸின் ஜிப் 07078 வெறும் 7078 ஆகிவிடும். கலிபோர்னியாவின் மாநில எண் 06 வெறும் 6 ஆகி, ஜியோஐடியில் ஒரு இலக்கம் குறைந்துவிடும். கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாகக் கொண்டுவந்து அந்தப் பத்தியை 'உரை' என்று குறியுங்கள்.

அடுத்து எதிர்மறை எண்கள். சென்சஸின் ஏபிஐ (நிரல் மூலம் தரவைக் கேட்டுப் பெறும் வசதி) வழியாக எடுத்தால் -666666666 என்று ஒரு மதிப்பு எதிர்ப்படும். போதிய மாதிரி இல்லாததால் மதிப்பிட முடியவில்லை என்பது அதன் பொருள். பிழை வரம்பில் -222222222 இருந்தால் மாதிரி போதவில்லை. -333333333 இருந்தால் இடைநிலை கடைசித் திறந்த அடுக்கில் விழுந்திருக்கிறது. இவற்றை அப்படியே விட்டுச் சராசரி கணக்கிட்டால், மொத்த மாநிலமும் கடனில் மூழ்கியதுபோல் ஒரு விடை வரும். தளத்தில் நேரடியாக இறக்கினால் இவற்றுக்குப் பதில் கோடும் நட்சத்திரக் குறிகளும் இருக்கும். எல்லாவற்றையும் வெற்றுக் கட்டமாக மாற்றுங்கள், பூஜ்யமாக மாற்றாதீர்கள்.

இனி உச்சவரம்பு. பி19013 அட்டவணையில் இடைநிலை வருமானம் 2,50,000 டாலரைத் தாண்டினால் '2,50,000+' என்றே அச்சாகும். ஏபிஐயில் 250001 என்று வரும். அது உண்மையான தொகை அல்ல, 'இதற்கு மேல் சொல்லமாட்டோம்' என்ற குறி. ஷார்ட் ஹில்ஸ் அந்த வரம்பில்தான் நிற்கிறது. கலிபோர்னியாவின் அதர்டனும் அப்படியே. வீட்டு மதிப்புக்கு இந்த வரம்பு 20 லட்சம் டாலர். 2015க்கு முந்தைய தரவில் அது 10 லட்சமாக இருந்தது, ஆகவே பழைய பட்டியலோடு ஒப்பிடும்போது கவனம் தேவை.

வரம்பில் முட்டிய ஊர்களை அகரவரிசையில் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி வெளியிடும் பட்டியல்களைப் பார்க்கிறபோது வருத்தமாக இருக்கிறது. 'ஏ' எழுத்தில் பெயர் தொடங்கும் ஊர் பணக்கார ஊராகிவிடுகிறது! இந்த ஊர்கள் எல்லாம் சமநிலையில் இருக்கின்றன என்பதுதான் பி19013 சொல்வது. அவற்றைப் பிரிக்க வேறு அளவு தேவை. பி19025இல் உள்ள மொத்த வருமானத்தைக் குடும்ப எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி கிடைக்கும், அதற்கு வரம்பு கிடையாது. 2,00,000 டாலருக்கு மேல் சம்பாதிக்கும் குடும்பங்களின் விகிதத்தையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே திசையைக் காட்டினால் வரிசை நம்பத்தக்கது. சராசரி எகிறி, விகிதம் குறைவாக இருந்தால், ஒருசில குடும்பங்கள் அந்த ஊரைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன என்று பொருள்.

நான்காம் படி: பிழை வரம்பைக் கணக்கில் எடுங்கள்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுதும் ஒரே பதமாக வெந்திருந்தால்தான். ஊர் அப்படி வேகுவதில்லை. முன்னூறு குடும்பங்கள் உள்ள ஊரில் கேள்வித்தாள் யாருக்குப் போனது என்பதைப் பொறுத்தே விடை பல்லாயிரம் டாலர் மாறும். ஏசிஎஸ்ஸின் பிழை வரம்பு 90% நம்பக மட்டத்தில் தரப்படுகிறது. அதை 1.645ஆல் வகுத்தால் திட்டப் பிழை கிடைக்கும்.

கற்பனையாக இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். முதல் ஊர் 2,12,000 டாலர், பிழை வரம்பு ±18,000. இரண்டாம் ஊர் 1,98,000 டாலர், ±15,000. வேறுபாடு 14,000. இரு பிழை வரம்புகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 23,400 வரும். வேறுபாடு அதைவிடக் குறைவு. ஆகவே முதல் ஊர் இரண்டாம் ஊரைவிட வசதியானது என்று இந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியாது. இந்த ஒரு சோதனையைப் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் ஊர்களுக்குச் செய்து பாருங்கள். 7ஆம் இடத்துக்கும் 12ஆம் இடத்துக்கும் நடுவே உண்மையில் வேறுபாடே இல்லை என்பது பலமுறை தெரியவரும்.

சிறிய ஊர்களைக் கழிக்க ஒரு வரம்பு தேவை. நியூ ஜெர்சியில் டாவிஸ்டாக் என்றொரு பரோ (ஒரு வகை நகராட்சி) உண்டு, கோல்ஃப் மைதானத்தைச் சுற்றி அமைந்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கில் அங்கே 9 பேர். வால்பேக் டவுன்ஷிப்பில் 7 பேர். இவற்றுக்குத் தரவரிசை போடுவதில் அர்த்தமில்லை. நமது பரிந்துரை: 500 குடும்பங்களுக்குக் குறைந்த ஊர்களைத் தனிப் பட்டியலாக வையுங்கள். அதற்கு மேல் உள்ள ஊரிலும் திட்டப் பிழையை மதிப்பீட்டால் வகுத்து, விடை 15 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு குறி இடுங்கள். மேலே சொன்ன முதல் ஊருக்கு இது 5.2 சதவீதம், கவலையில்லை.

ஐந்தாம் படி: வீட்டு மதிப்பு

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். வருமானத்துக்கு ஒரே முதன்மை மூலம் இருக்கிறது. வீட்டு மதிப்புக்கு மூன்று இருக்கின்றன, மூன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடை தருகின்றன.

முதலாவது ஏசிஎஸ்ஸின் பி25077. 'இன்று விற்றால் எவ்வளவு போகும்?' என்று வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிய விடை அது. உரிமையாளரே வசிக்கும் வீடுகள் மட்டும் இதில் சேரும். ஐந்தாண்டு விடைகள் கலந்திருப்பதால், விலை வேகமாக ஏறிய காலத்தில் இது பின்தங்கும். பொதுவான விலைவாசி ஏற்றத்தைத்தான் சரிக்கட்டியிருப்பார்கள், வீட்டு விலை ஏற்றத்தை அல்ல.

இரண்டாவது, வீட்டு விற்பனை இணையதளமான ஜில்லோவின் வீட்டு மதிப்புக் குறியீடு. எல்லா வீடுகளையும் கணித மாதிரியால் மதிப்பிட்டு, 35 முதல் 65 சதமானம் வரை உள்ள நடுத்தட்டு வீடுகளின் மதிப்பைத் தருகிறது. மாதந்தோறும் புதுப்பிக்கப்படும், 20 லட்சம் வரம்பு கிடையாது. விற்பனை அரிதாக நடக்கும் சிறு ஊர்களில் மட்டும் இதன் பிடிமானம் தளரும்.

மூன்றாவது மாநிலச் சொத்து வரிப் பதிவு. இதை அப்படியே எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். கலிபோர்னியாவில் 1978இல் வந்த 13ஆம் முன்மொழிவின்படி, வீடு கைமாறும்வரை வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அடுத்தடுத்து நிற்கும் ஒரே மாதிரி இரண்டு வீடுகளில் ஒன்று பல மடங்கு குறைவாகப் பதிவாகியிருக்கும். டெக்ஸஸில் சொந்த வீட்டுக்காரர்களுக்கு ஆண்டு ஏற்றம் 10 சதவீதம் என்று வரம்பு உண்டு. அங்கே சந்தை மதிப்பு, வரி மதிப்பு என்று இரண்டு பத்திகள் இருக்கும், சந்தை மதிப்பை எடுங்கள். அந்த மாநிலத்தில் விற்பனை விலையைப் பொதுப் பதிவில் வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

நியூ ஜெர்சியில் ஒவ்வொரு நகராட்சியும் வெவ்வேறு ஆண்டில் மறுமதிப்பீடு செய்யும். ஒரு ஊரில் பத்தாண்டுப் பழைய மதிப்பு, பக்கத்து ஊரில் இந்த ஆண்டு மதிப்பு. இதைச் சரிக்கட்ட மாநில வரித்துறை ஆண்டுதோறும் ஊர்வாரியாகச் சமப்படுத்தும் விகிதம் வெளியிடுகிறது. பதிவான சராசரி வீட்டு மதிப்பு 6,00,000, விகிதம் 80 சதவீதம் என்றால், 6,00,000ஐ 0.80ஆல் வகுத்து 7,50,000 என்று எடுத்துக்கொள்ளுங்கள். வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. விகிதம் 100க்குக் கீழே இருந்தால் விடை கட்டாயம் ஏற வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கடற்கரை ஊர்கள். கேப் மே கவுன்டியின் ஆவலான், ஸ்டோன் ஹார்பர் இரண்டிலும் வீட்டு விலை விண்ணைத் தொடும், ஆனால் பெரும்பாலான வீடுகள் கோடைக்கு மட்டும் திறக்கப்படுபவை. அவற்றின் சொந்தக்காரர்கள் வேறு ஊரிலோ வேறு மாநிலத்திலோ வசிக்கிறார்கள், அவர்களது வருமானமும் அங்கேதான் பதிவாகும். ஆகவே வருமானப் பத்தி ஆண்டு முழுதும் அங்கே வாழ்பவர்களைக் காட்டும், ஜில்லோ பத்தி வெளியூர்க்காரரின் பணத்தைக் காட்டும். இரண்டையும் கூட்டினால் யாரையும் குறிக்காத ஒரு எண் மிஞ்சும். பி25004இன் 6ஆம் வரிசையை மொத்த வீடுகளால் வகுத்துப் பாருங்கள். விடுமுறை வீடுகள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஊரை 'விடுமுறை ஊர்கள்' என்ற தனி வரிசைக்கு மாற்றிவிடுங்கள். மாசசூசெட்ஸின் நான்டக்கெட், கொலராடோவின் ஆஸ்பென் போன்றவற்றுக்கும் இதே மருந்துதான்.

பொதுப் பட்டியலுக்கு நமது தேர்வு: பி25077ஐ முதன்மையாக வையுங்கள். காரணம், வருமானப் பத்தியைப் போலவே அதுவும் ஊரில் வசிப்பவர்களைப் பற்றியது. 20 லட்சம் வரம்பில் முட்டும் ஊர்களுக்கு மட்டும் ஜில்லோவை வைத்து உள்வரிசை போடுங்கள். வாடகையைச் சேர்க்க வேண்டாம். அதன் இடைநிலையும் 3,500 டாலரில் நின்றுவிடும், தவிர வசதியான ஊர்களில் வாடகை வீடுகள் மிகக் குறைவு.

ஆறாம் படி: மதிப்பெண் போடுங்கள்

டாலரையும் சதவீதத்தையும் நேரடியாகக் கூட்ட முடியாது. எல்லாவற்றையும் இசட் மதிப்பாக மாற்ற வேண்டும்: ஊரின் எண்ணிலிருந்து மாநில ஊர்களின் சராசரியைக் கழித்து, ஊர்களின் எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தால் வகுப்பது. டாலர் தொகைகளுக்கு முதலில் இயல் மடக்கை எடுங்கள். எடுக்காவிட்டால் ஒன்றிரண்டு உச்ச ஊர்கள் அளவுகோலையே வளைத்துவிடும். சதமான வரிசையை வைத்தும் செய்யலாம், ஆனால் உச்சியில் உள்ள ஊர்கள் 98, 99 என்று நெருக்கியடித்து நிற்கும். முதல் 25 ஊர்களுக்கு அது போதாது.

எடையாக இவற்றைப் பரிந்துரைக்கிறோம்: இடைநிலை வருமானம் 35, வீட்டு மதிப்பு 35, இரண்டு லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கும் குடும்பங்களின் விகிதம் 20, வட்டி, டிவிடெண்ட் பெறும் குடும்பங்களின் விகிதம் 10. கடைசி அளவு சிறியது, ஆனால் சேமித்த சொத்தின் ஒரே நேரடி அடையாளம் அதுதான்.

கணக்குப் புரிய ஒரு கற்பனை ஊர்: வருமானம் 2,20,000, அதன் மடக்கை 12.30. மாநிலச் சராசரி 11.50, விலக்கம் 0.35 என்றால் இசட் 2.29. வீடு 11,50,000, மடக்கை 13.955, சராசரி 13.00, விலக்கம் 0.45, இசட் 2.12. உயர் வருமான விகிதம் 54 சதவீதம், சராசரி 24, விலக்கம் 13, இசட் 2.31. டிவிடெண்ட் விகிதம் 58, சராசரி 33, விலக்கம் 11, இசட் 2.27. எடை போட்டுக் கூட்டினால் 0.80 + 0.74 + 0.46 + 0.23, மொத்தம் 2.23.

வருமானம், வீடு இரண்டின் எடைகளை 25–45, 45–25 என்று மாற்றி இருமுறை மறுபடி ஓட்டுங்கள். எந்த எடையிலும் முதல் பத்தில் நிற்கும் ஊர் உறுதியானது. எடை மாறியதும் பத்து இடம் நகரும் ஊரில் வருமானமும் வீடும் ஒத்துப்போகவில்லை. நியூ மெக்சிகோவின் லாஸ் அலமோஸ் அந்த மாதிரி: தேசிய ஆய்வகத்தின் சம்பளத்தால் வருமானம் மிக உயரம், வீட்டு விலை அதே அளவுக்குக் கிடையாது. மாறாகக் கடற்கரைக்கு அருகில் ஓய்வுபெற்றோர் நிறைந்த ஊர்களில் வீடு உயரம், வருமானம் தாழ்வு. இந்த ஊர்களைப் பற்றி ஒரு வரி எழுதினால் வாசகருக்கு எண்ணைவிட அதிகம் பயன்படும்.

ஏழாம் படி: வரித் தரவோடு சரிபாருங்கள்

வருமான வரித்துறையான ஐஆர்எஸ், ஜிப் வாரியாகப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. அதில் சரிக்கட்டிய மொத்த வருமானமும், நிகர மூலதன ஆதாயமும் தனித்தனிப் பத்திகளில் உண்டு. தொகைகள் ஆயிரம் டாலர் கணக்கில் இருக்கும், கவனியுங்கள். மொத்தத்தை வரிப் படிவ எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி எடுங்கள், மூலதன ஆதாயத்தின் பங்கையும் பாருங்கள்.

இதை மதிப்பெண்ணில் சேர்க்காமல் சரிபார்க்க மட்டும் பயன்படுத்தச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. ஒரு படிவம் ஒரு குடும்பம் அல்ல, வேலைக்குப் போகும் மகனும் தனிப் படிவம் போடுவான். 100 படிவங்களுக்குக் குறைந்த ஜிப்கள் 99999 என்ற பொதுக் கணக்கில் போய்விடும். ஒரே ஒரு பெரும் விற்பனை அந்த ஆண்டின் சராசரியைத் தூக்கிவிடும் என்பதால் மூன்றாண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். ஜிப்பை ஊரோடு பொருத்த, மத்திய வீட்டுவசதித் துறை காலாண்டுதோறும் வெளியிடும் இணைப்புக் கோப்பில் உள்ள குடியிருப்பு விகிதத்தைப் பயன்படுத்தலாம்.

உங்கள் பட்டியலில் 30ஆம் இடத்தில் உள்ள ஊர் வரித் தரவில் முதல் ஐந்தில் வந்தால், ஏசிஎஸ்ஸில் தெரியாத மூலதன ஆதாயம் அங்கே இருக்கிறது. இடத்தை மாற்றாதீர்கள், பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள்.

எட்டாம் படி: குழுக்களாக வெளியிடுங்கள்

1 முதல் 25 வரை எண் போடுவதைவிட, பிழை வரம்புக்குள் ஒன்றோடொன்று கலந்து நிற்கும் ஊர்களை ஒரே குழுவாக வெளியிடுவதே நேர்மை. எண் கட்டாயம் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஊருக்கும் இட வீச்சு கொடுங்கள்: '6 முதல் 14 வரை' என்பதுபோல. அதைப் பெற, விரிதாளில் நார்ம்.இன்வ் சார்பில் ராண்ட், மதிப்பீடு, திட்டப் பிழை ஆகியவற்றைக் கொடுத்து ஒவ்வொரு ஊருக்கும் ஒரு புதிய எண் வரவழையுங்கள். மதிப்பெண்ணையும் இடத்தையும் மறுபடி கணக்கிட்டு, இதை ஆயிரம் தடவை ஓட்டி, ஊர் பெற்ற இடங்களின் 5ஆம், 95ஆம் சதமானத்தைக் குறியுங்கள். உச்சவரம்பில் முட்டிய ஊர்களுக்குத் திட்டப் பிழை கிடைக்காது. அவற்றை அசைக்காமல் முதல் குழுவில் வைத்துவிடுங்கள்.

பட்டியலின் கீழே ஐந்து விவரங்கள் இருக்க வேண்டும்: எந்தத் தொகுப்பு, எந்த ஆண்டின் டாலர், ஊர் எல்லையின் வகை, விலக்கிய ஊர்களும் காரணமும், எடைகள். அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது '3 இடம் முன்னேறியது' என்று எழுதிவிடாதீர்கள். 2018–2022 தொகுப்பும் 2019–2023 தொகுப்பும் நான்கு ஆண்டு விடைகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மாற்றத்தைச் சொல்ல வேண்டுமென்றால் 2014–2018 தொகுப்பை எடுத்து, டாலரைச் சமப்படுத்தி, பிழை வரம்புச் சோதனை செய்த பிறகே சொல்லுங்கள்.